வீட்டு வகுப்பும் சோலை வீட்டுக் கேதமும்

ஓடிப்போனாள் என்று சொல்கிற வாய்க்கு நான் என்ன பூட்டா போட முடியும்? ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓடிப்போகிறவள் தலைக்குக் குளித்து, பிள்ளைக்கு இட்லி ஊட்டிவிட்டு, தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நன்றாக விடிந்த பிறகு பஸ்ஸுக்கு நடந்து போவாளா? கள்ளத்தனம் செய்கிறவள் முருகம்மாள் வீட்டு வாசல் வழியாகவா போவாள்? பின்பக்கம் மக்காச்சோளக் காடு இருக்கிறது. அதில் இறங்கினால் ஒரு குஞ்சுக்கும் தெரியாமல் பேரையூர் ரோட்டில் ஏறிவிடலாம். அவள் அந்த வழியாகப் போகவில்லை.

என் மருமகள் சரண்யாதேவியைத்தான் சொல்கிறேன். நேற்றுக் குழாயடியில் முருகம்மாள் குடத்தை வைத்துவிட்டு என்னை மறித்தாள். முருகம்மாள் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் தங்கை. எனக்கு நாத்தனார் முறை.

"மதினி, திரும்பி வாறவ எதுக்கு அம்புட்டுத் துணியையும் அள்ளிட்டுப் போனா?"

"அம்புட்டுன்னா எம்புட்டு? நீ எண்ணுனியா?"

"எண்ணல. பை பெருசா இருந்துச்சு."

"அது புஸ்தகம்."

"புஸ்தகம் படிக்கவா ஆனையூருல போயி அடுத்தவுக வீட்டுல தங்குறா? அதுவும் வேதக்காரவுக வீட்டுல?"

"அவுக வீட்டுல அந்தம்மாவே டீச்சரா இருந்தவுக. ஒன் வீட்டுல தங்குனா படிச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குடம் நிறையாமலே தூக்கிக்கொண்டு வந்தேன். அவளிடம் அப்படிப் பேசினேனே ஒழிய, நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். இன்றைக்கு வியாழன்.

சரண்யாதேவி சேடபட்டிப் பக்கத்துப் பெண். அப்பனும் ஆத்தாளும் கூலிக்காரர்கள். அடுத்தவர் பருத்திக்காட்டில் முதுகு வளைத்து மகளைக் கணக்குப் பட்டப்படிப்பு வரைக்கும் கொண்டுவந்தவர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பிள்ள மேல படிக்கணும்னு சொன்னா விடுவீகளா?" விடாமல் என்ன என்று நான்தான் சொன்னேன். அந்த இடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு மறந்துவிடுவார்கள். எனக்கு மறக்காது. பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவளுக்குச் சொன்ன சொல்தானே எல்லாம்.

என் மகன் சிவபாண்டி குட்டியானை ஓட்டுகிறான். அந்தச் சின்ன லோடு வண்டிதான். கல்யாணமாகி முத்துமீனா பிறந்தாள். அவளுக்கு இப்போது மூன்று வயது நடக்கிறது. சரண்யா யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிற ஆள். தோசையைப் பிய்த்து, இது கால், இது அரை என்று பிள்ளைக்குக் காட்டுவாள். அது எல்லாவற்றையும் தின்றுவிட்டு, "பூச்சியம்" என்று கையை விரிக்கும். எனக்கும் செல்போனில் எண்ணைப் பார்த்துப் போடச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். "எனக்கு யாருத்தா போன் போடப் போறா?" என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வாத்தியார் படிப்பு இருக்கிறது என்று சேதி கொண்டுவந்தது யார் தெரியுமா? சிவபாண்டிதான். வாரத்தில் பாதி நாள் கல்லூரிக்குப் போனால் போதும், பாதி நாள் வீட்டிலிருந்தே செல்போனில் படித்துக்கொள்ளலாம். திங்கள், செவ்வாய், புதன் வீட்டில். வியாழன், வெள்ளி, சனி அங்கே.

"பாதி நாளு வீட்டுலதான இருப்ப? அப்பறம் என்ன, சேந்துக்க" என்றான்.

எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கும்தான். போகிற நாளில் இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறி, திரும்பி வரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். அதனால் வீட்டு வகுப்பு நாள்தான் ஓய்வு என்று நினைத்தாள். முதல் மாதத்திலேயே தெரிந்துபோயிற்று, வீட்டு நாளுக்குக் கல்லூரி நாளே மேல் என்று.

எங்கள் வீட்டில் உள்ளறைக்குக் கதவு கிடையாது. சேலையைக் கிழித்துத் திரை போட்டிருக்கிறோம். அரிசி டிரம்மின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, பின்னால் சுவர் தெரியாமல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு உட்காருவாள். உட்கார்ந்த நேரத்தில்தான் ஊர் முழுக்க என் வீட்டு வாசலுக்கு வரும். மகளிர் குழுவிலிருந்து ஒருத்தி. கறிவேப்பிலைக்கு ஒருத்தி. போனில் கேஸ் சிலிண்டர் பதிந்து கொடு என்று ஒருத்தி. "வீட்டுலதான இருக்கா?" என்று கேட்டபடியே திரையை விலக்கிவிடுவார்கள். அவள் விரலை உதட்டில் வைத்துச் சாடை காட்டினால், "ஆத்தி, பேசக்கூட மாட்டேங்குறா. படிச்ச திமிரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கல்லூரிக்குப் போன நாளில் யாராவது அவளைத் தேடினார்களா? தேடவில்லை. அங்கே போனவள் அங்கே. வீட்டில் இருக்கிறவள் எல்லோருக்கும் சொந்தம்.

அவளோடு படிக்கிற ஐரின் என்ற கிறிஸ்தவப் பெண்ணோடு சில நாள் செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணுக்கு வீடு மதுரையிலேயே, ஆனையூரில். அதற்கு வீட்டு வகுப்பென்றால் உயிர்.

"நீ கிறுக்கச்சிடி சரண்யா. ரெண்டு பஸ்ஸு ஏறி, வாந்தி எடுத்துக்கிட்டு வர்றதுக்கு வீட்டுல இருக்குறது கசக்குதா? கிளாஸுல அம்புட்டுப் பேரு முன்னாடி எனக்குச் சந்தேகம் கேக்கவே வாய் வராது. போனுன்னா டைப் பண்ணி விட்டுருவேன்."

"ஒனக்கு என்னடி. ஒங்கம்மா கதவச் சாத்திட்டு டீ கொண்டாந்து வப்பாங்க. எங்க வீட்டுல சாத்துறதுக்குக் கதவே இல்ல."

"சேலைய மடிச்சு நல்ல கனமாப் போடு."

"போட்டாலும் எங்க முருகம்மா சித்தி மூக்கு உள்ள வந்துரும்டி."

இரண்டும் சிரிக்கும். ஆனால் செல்போனை வைத்த பிறகு இவள் முகம் சிரித்தபடி இருக்காது. "பாடம் நடத்திப் பழகுறப்ப எதுத்தாப்புல ஒரு மூஞ்சி கூடத் தெரியாது அத்தே. கறுப்புக் கட்டமா, பேரு மட்டும் எழுதியிருக்கும். புரிஞ்சவ எவ, தூங்குறவ எவன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பாள். வாத்தியாராகப் போகிறவளுக்கு முகம் தெரிய வேண்டாமா? எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வகுப்பு நாளில் வாசலில் நானே உட்கார்ந்துகொள்வேன். அவள் செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிடுவேன். யார் வந்தாலும், "மருமக காலேஜுக்குப் போயிருக்கா" என்பேன். நம்பிப் போய்விடுவார்கள். அதைப் பொய் என்கிறாள் முருகம்மாள். என்ன பொய்? அவள் கல்லூரியில்தானே இருந்தாள்! உடம்பு டிரம்முக்கு எதிரே இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சோலை செத்துப்போனார். பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். முருகம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன், என் மகனுக்குச் சித்தப்பா. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பங்காளி வீட்டுக் கேதம் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டு மருமகள் முதல் ஆளாகப் போய்க் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அவள் வந்தாளா, அவிழ்த்த தலையோடு வந்தாளா, எத்தனை நேரம் இருந்தாள் என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கென்று பார்த்து அவளுக்குப் பாடம் நடத்திக் காட்டுகிற பரீட்சை. டீச்சர் செல்போனில் பார்த்து மார்க் போடுவார்கள். அதை விட்டால் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடுதான் எழுத முடியும்.

"அத்தே, மாமா என்னையத் தூக்கி வளக்கலன்னாலும் நம்ம முத்துமீனாவத் தூக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன். நான் போகாம இருக்க முடியாது" என்று அழுதாள்.

"நீ முடிச்சிட்டு வா. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"கேட்டா என்ன சொல்லுவீக?"

"எப்பவும் சொல்றதச் சொல்றேன்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் போய் உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மதுரைக்குப் போயிருக்கிறாள், தகவல் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். முருகம்மாள்கூட, "பாவம், பஸ்ஸு கெடைக்கணுமே" என்றாள். கொட்டுக்காரர்கள் வந்தார்கள். அடி என்றால் அடி, சுவர் அதிர்ந்தது. அப்பாடா, இனி இவள் எவ்வளவு சத்தமாகப் பாடம் நடத்தினாலும் கேட்காது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கொட்டுக்காரர்களுக்கு டீ வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

அவளுக்குக் காதில் வயர். கொட்டுச் சத்தத்துக்கு மேலே கத்தி நடத்திக்கொண்டிருந்தவளுக்குக் கொட்டு நின்றது தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணீரென்று வருகிறது சத்தம்:

"சபாஷ்! ரொம்பச் சரியாச் சொன்னீங்க! எல்லாரும் ஜோராக் கை தட்டுங்க பாக்கலாம்!"

அவளே கைதட்டினாள். அதோடு விட்டாளா, சின்னப் பிள்ளைகளுக்கான எண்ணிக்கைப் பாட்டு ஒன்றையும் எடுத்துவிட்டாள். இங்கே நடுவில் சோலை படுத்திருக்கிறார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். மடியில் இருந்த முத்துமீனா, "எங்கம்மா!" என்று சந்தோஷமாகச் சுவரைக் கை காட்டியது.

நான் எழுந்து போனேனா, ஓடினேனா, எனக்கே தெரியாது. திரையை விலக்கி அவள் காது வயரைப் பிடுங்கினேன். பரீட்சை முடிந்திருந்தது. பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுருச்சா அத்தே?"

"கேட்டுருச்சு."

"நடுவுல டீச்சரு என்ன சத்தம்னு கேட்டாங்க. கோயில் திருவிழாவான்னு கேட்டாங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன். சோலை மாமா செத்ததப் போயி திருவிழான்னு சொல்லிட்டேன் அத்தே." தலையில் அடித்துக்கொண்டாள். "இங்க இருக்குறவுகளுக்கு நான் அங்க இருக்கேன்னு சொல்றீக. அங்க இருக்குறவுகளுக்கு இங்க ஒன்னும் நடக்கலன்னு நான் சொல்றேன். நான் எங்கதான் இருக்கேன்?"

அவிழ்த்த தலையோடு போனாள். யாரும் அவளுக்கு இடம் விட்டு நகரவில்லை. ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்துதான் பேச்சு. பிணத்தை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினாள், மாமியார்க்காரி ஒளித்து வைத்துப் பாட வைத்தாள், அது வகுப்பே இல்லை, யாரோடோ செல்போனில் கொஞ்சிக்கொண்டிருந்தாள் என்று நாளுக்கொன்றாக வளர்ந்தது. கருமாதிக்கு ஊரையே அழைத்தவர்கள் எங்கள் வீட்டை விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டில் பந்தி நடக்கிறது. ஒரே சுவர். இலை போடுகிற சத்தம் கேட்கிறது. சிவபாண்டி உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பெற்றவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

பந்தி முடிந்ததும் எழுந்து வந்தான்.

"நிப்பாட்டிரு" என்றான்.

"எத?" என்றாள் சரண்யா.

"படிப்பத்தான். எங்க சித்தப்பன் கருமாதிக்கு நான் திருடன் மாதிரி உள்ள ஒக்காந்திருக்கேன். ஒரு வாய்ச் சோத்துக்காக இல்ல. பங்காளின்னு ஒருத்தன் எட்டிப் பாக்கல."

"படிப்ப நிப்பாட்ட மாட்டேன். வீட்டு வகுப்ப வேணா நிப்பாட்டுறேன்."

எங்களுக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். கல்லூரியில் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள், இந்தப் பாதி பாதி யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று. சரிபாதிப் பேர் வேண்டும் என்று கை தூக்கியிருக்கிறார்கள், ஐரின் உட்பட. சரிபாதிப் பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அதனால் தினமும் நேரில் வருகிறவர்களுக்குத் தனி வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை போய் அந்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் இடம் உண்டு. அன்றைக்கு வராதவர்கள் பழையபடி பாதி பாதிதான்.

"தினமும் இங்கருந்து எப்படிப் போவ?" என்றான்.

"தினமும் போக முடியாது. ஐரின் வீட்டுல தங்கிக்கிறேன். அவுக அம்மாகிட்டப் பேசிட்டேன். சனிக்கிழமை வந்துருவேன். இன்னும் அரை வருஷந்தான்."

"புருஷன் பிள்ளைய விட்டுட்டு?"

"நான் இங்க இருந்தப்ப மட்டும் ஒங்களோடயா இருந்தேன்? அந்த டிரம்மோடதான இருந்தேன்."

அவன் வெளியே போய்விட்டான். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. அவன் பேசாதது கூடப் பரவாயில்லை. நானும் அவளுக்கு எதிராகத்தான் பேசினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு கதவு போட்டுருவோம் தாயி. நல்ல பலகைக் கதவு. நான் அதுக்கு முன்னாடி கட்டிலப் போட்டுப் படுத்துக்கிறேன். எவ வாறான்னு பாப்போம். போகாத" என்றேன். ஊருக்கு முன்னால் அவளை விட்டுக்கொடுக்காதவளுக்கு, அவளை வீட்டை விட்டு அனுப்ப மனசில்லை. இதில் என்ன குற்றம்? ஒரு சின்னக் காய்ச்சல் வந்தால்கூடப் பிள்ளை ஆத்தாளைத்தானே தேடும். வாரம் முழுக்க ஆத்தாள் இல்லாத வீட்டில் என் மகன் எத்தனை நாள் பொறுமையாக இருப்பான்? போகிறவளை அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

"கதவு போட்டாலும் நான் வீட்டுலதான் இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும் அத்தே. எனக்கே தெரியும். பிள்ள அழுகுற சத்தம் கேட்டா எனக்குப் பாடம் ஓடாது. நீங்க யார யாரத்தான் வாசல்ல நிறுத்துவீக?" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, சாமி கும்பிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சிவபாண்டி லோடுக்குப் போகாமல் வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். தெருவில் அத்தனை வாசலிலும் ஆள். முருகம்மாள் விளக்குமாற்றைப் பிடித்தபடி கூட்டாமல் நின்றாள்.

"போயிட்டு வாரேன் அத்தே. சனிக்கிழமை சாயந்தரம் வந்துருவேன்."

நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் போகாதே என்றுதான் வரும். அவனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. படியிறங்கி நடந்தாள்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள். என் கையிலிருந்து திமிறிக்கொண்டு பிள்ளை கத்தியது: "அம்மா!"

கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படியே போவதில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். பலர் அதோடு அன்றைய பயணத்தையே விட்டுவிடுவதும் உண்டு. சரண்யா நின்றாள்.

"பிள்ளையே கூப்புட்டுருச்சு. இனி எங்குட்டுப் போவா" என்றாள் முருகம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

திரும்பி வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பிள்ளையின் தலையில் புதைத்துக்கொண்டாள். பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. இனி எழுந்திருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அழுகையும் வந்தது, உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது.

சிவபாண்டி துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போனான். பையைப் பிடுங்கி உள்ளே வைக்கத்தான் வருகிறான் என்று பயந்து, நான் பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன். செம்பில் தண்ணீரோடு வந்தான்.

"குடி" என்றான்.

அவள் குடித்தாள். பாதி மேலெல்லாம் சிந்தியது.

"பஸ்ஸு வந்துருச்சு" என்றான். குனிந்து அவள் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான். பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். பிள்ளை மறுபடியும் வாயைத் திறந்தது. அவன் தன் ஈரக் கையால் அந்தச் சின்ன வாயைப் பொத்திக்கொண்டு, அவள் பஸ் ஏறும் வரைக்கும் அப்படியே நின்றான்.